சந்தைக்கு முன்னே ஓடிய செய்தி

வியாபாரத்துக்கு முதல் தேவை காசு என்றே பலரும் நினைக்கின்றனர். காசுக்கும் முன்னால் ஒன்று இருக்கிறது. அது செய்தி. அடுத்த ஊரில் இன்று என்ன விலை என்பதை மற்றவனுக்கு முந்தி அறிந்தவன் கொஞ்சக் காசோடும் பிழைத்துக்கொள்வான். அறியாதவன் பெட்டி நிறையக் காசு வைத்திருந்தும் நட்டப்படுவான். தந்தி, கடலடிக் கேபிள், தொலைபேசி என்று பாடப்புத்தகங்களில் விஞ்ஞானிகளின் பெயரோடு வருகின்ற சாதனங்களுக்கெல்லாம் முன்வரிசையில் நின்று காசு கொடுத்த வாடிக்கையாளர்கள் யாரென்று பார்த்தால், அரசாங்கங்களுக்குப் பக்கத்தில் வியாபாரிகளே நிற்கிறார்கள்.

இந்த விடயத்தில் எமது மார்க்கத்தில் மிகத் தெளிவான ஒரு கட்டளை உண்டு. வெளியூர்களிலிருந்து ஒட்டகங்களில் சரக்கேற்றி மதீனாச் சந்தைக்கு வருபவர்களுக்கு அன்றைய விலை தெரியாது. நகரத்து வியாபாரிகள் ஊருக்கு வெளியே போய், வழியிலேயே அவர்களை மறித்துக் குறைந்த விலைக்கு வாங்கிவிடுவார்கள். நபி (ஸல்) அவர்கள் இதனைத் தடுத்தார்கள். புகாரி, முஸ்லிம் ஆகிய இரண்டு கிரந்தங்களிலும் இந்த ஹதீஸ் பதிவாகியுள்ளது. அவ்வாறு விற்றவர் சந்தைக்கு வந்து விலையை அறிந்த பின் விற்பனையை முறித்துக்கொள்ளலாம் என்றும் முஸ்லிமில் வருகிறது. இந்த உரிமையையே பிக்ஹு நூல்கள் ‘கியார்’ என்கின்றன.

இங்கே செய்தியை முந்தி அறிவது தடுக்கப்படவில்லை, அறியாதவனை வழியில் மறிப்பதே தடுக்கப்பட்டது என்று நான் விளங்கிக்கொள்கிறேன். உலமாக்கள் இதைவிட நன்றாக விளக்குவார்கள். இந்த ஒரு கோட்டைக் கையில் பிடித்துக்கொண்டு தூரத்துச் செய்தியின் கதையைப் பார்ப்போம்.

எமது நாட்டிலேயே தொடங்கலாம். கொழும்புத் துறைமுகத்துக்கு அலைதடுப்பு அணை கட்டப்படும் முன்னர் ஐரோப்பாவிலிருந்து தபால் கொண்டுவரும் நீராவிக் கப்பல்கள் காலியில்தான் நங்கூரமிட்டன. அன்றைய பெரிய ஏற்றுமதி கோப்பி. அதன் விலையைத் தீர்மானித்தது லண்டன். லண்டன் விலை காலிக்கு வந்து இறங்கும், கோப்பி வியாபாரிகளோ 72 மைலுக்கு அப்பால் கொழும்பில் காத்திருப்பார்கள். குதிரை வண்டியில் தபால் வந்து சேரும்வரை பொறுக்க முடியாமல், 1850இல் ‘ஒப்சேவர்’ பத்திரிகை காலியிலிருந்து கொழும்புக்குப் புறாக்களைப் பறக்கவிட்டது. கப்பலில் வந்த முக்கிய செய்திகளை மெல்லிய தாளில் எழுதிக் காலில் கட்டி அனுப்பினார்கள். 1858இல் கொழும்புக்கும் காலிக்கும் இடையே தந்திக் கம்பி வந்ததோடு புறாக்களுக்கு வேலையில்லாமல் போனது.

அதே 1850இல் ஜேர்மனியில் ரொய்ட்டர் என்ற ஒருவரும் இதையே செய்தார். பேர்லினிலிருந்து தந்திக் கம்பி ஆகன் நகரத்தோடு நின்றுவிட்டது. பாரிஸிலிருந்து வந்த கம்பி பிரசல்ஸோடு நின்றது. நடுவில் இருந்த இடைவெளியில் பங்குச்சந்தை விலைகளைச் சுமந்தவை அவருடைய புறாக்கள். ரயில் வந்து சேர ஆறு மணித்தியாலத்துக்கு மேல் ஆகும், புறாவுக்கு இரண்டு மணித்தியாலம் போதும். அந்த நான்கு மணித்தியாலம்தான் அவர் விற்ற சரக்கு. அவர் பெயரைத் தாங்கிய செய்தி நிறுவனம் இன்றும் இருக்கிறது. புறா வளர்க்கக் காசு செலவழித்தவன் அதற்குரிய இலாபத்தை எடுத்தான், இதில் நான் குற்றம் காணவில்லை.

அடுத்தது கடல். கம்பியைக் கடலுக்குள் போட்டால் உப்புநீர் மின்சாரத்தைக் குடித்துவிடும். அதற்கு விடை மலாய் நாட்டுக் காடுகளிலிருந்து வந்தது. கட்டாபர்ச்சா என்ற மரத்தின் பால் இறுகினால் றப்பர் மாதிரி இருக்கும், கடல்நீரில் கெடாது. அதைப் பூசிய கம்பி 1851இல் இங்கிலாந்தையும் பிரான்ஸையும் இணைத்தது. 1858இல் அத்லாந்திக் கடலில் போட்ட கம்பி சில வாரங்களிலேயே செத்துவிட்டது. 1866இல்தான் நிலையாக வெற்றி கிடைத்தது. 1870இல் பம்பாயிலிருந்து ஏடன், சுயஸ் வழியாக லண்டன் வரைக்கும் கடலடிக் கம்பி வந்தது. கப்பலில் வாரக்கணக்கில் வந்த விலை அன்றிலிருந்து மணிக்கணக்கில் வரத் தொடங்கியது.

லிவர்பூலில் பஞ்சு விலை ஏறியது நியூயோர்க்குக்குத் தெரிய 1866க்கு முன் பத்து நாள் வரை பிடிக்கும். அந்தப் பத்து நாள்தான் பலருடைய பிழைப்பு. கம்பி வந்ததும் மறுநாளே விலை தெரிந்தது, இரு துறைமுகங்களுக்கும் இடையிலிருந்த விலை வித்தியாசம் சுருங்கியது. கம்பி இலவசமாகவும் வரவில்லை. ஆரம்பத்தில் அத்லாந்திக் தந்திக்கு ஒரு சொல்லுக்கு ஒரு பவுண், குறைந்த கட்டணம் இருபது பவுண். ஒரு தொழிலாளி சில மாதங்கள் உழைத்தால்தான் அது கிடைக்கும். ஏழை உற்பத்தியாளன் இந்தக் கம்பியின் பக்கமே போக முடியாது. செய்தி வேகமாகியது, ஆனால் எல்லோருக்கும் அல்ல.

சொல்லுக்குக் காசு என்றதும் வியாபாரிகள் சொற்களைச் சுருக்கினார்கள். ஒரு முழு வசனத்துக்கு ஒரே ஒரு சொல் என்று அச்சிட்ட சங்கேதப் புத்தகங்கள் வந்தன. 1873இல் வெளிவந்த ‘ஏபிசி கோட்’ அவற்றில் பெயர்பெற்றது. பின்னர் 1906இல் வந்த ‘பென்ட்லி’ புத்தகத்தில் ஐந்தெழுத்துச் சொற்கள். இரண்டைச் சேர்த்துப் பத்தெழுத்தாக்கி ஒரு சொல்லின் கட்டணத்தில் அனுப்பினார்கள். வியாபாரி மூளை எந்த நாட்டிலும் ஒன்றுதான். நாங்கள் ‘மிஸ்ட் கோல்’ கொடுத்துக் காசை மிச்சம் பிடித்த காலத்தை நினைத்துப் பாருங்கள்.

இந்தச் சிக்கனம் ஒருவரை எப்படித் தெருவில் விட்டது என்பதற்கு ஒரு வழக்கு உண்டு. பிலடெல்பியா நகரில் பிரிம்ரோஸ் என்ற ஆட்டுரோம வியாபாரி. 1887 ஜூனில் கன்சாஸ் பகுதியில் கொள்வனவு செய்துகொண்டிருந்த தனது முகவருக்குச் சங்கேதத் தந்தி அடித்தார். அதில் ‘பே’ என்றொரு சொல். அவர்களுடைய புத்தகப்படி அதன் பொருள் ‘நான் வாங்கிவிட்டேன்’ என்பது. வழியில் ஒரு புள்ளி கூடிவிட்டது. மோர்ஸ் குறியீட்டில் ‘ஏ’ என்ற எழுத்துக்கு ஒரு புள்ளியும் ஒரு கோடும், ‘யூ’ என்றால் இரண்டு புள்ளியும் ஒரு கோடும். ‘பே’ என்பது ‘பை’ ஆகியது. ஆங்கிலத்தில் அதற்கு ‘வாங்கு’ என்று பொருள். முகவரும் முதலாளி சொன்னபடி பெருந்தொகை ரோமத்தை வாங்கிக் குவித்தார். நட்டம் இருபதாயிரம் டொலருக்கு மேல். வழக்கு அமெரிக்க உயர் நீதிமன்றம் வரை போய் 1894இல் தீர்ந்தது. தந்தியைத் திருப்பி அனுப்பிச் சரிபார்க்கும் சேவைக்கு அவர் மேலதிகக் கட்டணம் கட்டவில்லை, ஆகவே அவருக்குரியது தந்திச் செலவு மட்டுமே என்றது நீதிமன்றம். ஒரு டொலர் 15 சதம்.

வாட்ஸ்அப்பில் ஒரு பூச்சியம் கூடுதலாக விழுந்து ஓடர் போவதும் இதே கதைதான். பெரிய பேரத்தில் ‘சரிதானே?’ என்று திருப்பிக் கேட்பதற்கு இப்போது கட்டணமும் இல்லை.

அடுத்து எமக்குப் பக்கத்திலுள்ள கேரளத்துக்கு வருவோம். 1997 ஜனவரி 14ஆம் திகதி காலை, வடகரைக் கடற்கரையில் பதினொரு மீனவர்கள் வாங்க ஆளில்லாமல் பிடித்த மீனைக் கொட்டிவிடத் தயாரானார்கள். அதே நேரத்தில் 15 கிலோமீற்றருக்குள் இருந்த வேறு இரு சந்தைகளில் 27 வியாபாரிகள் மீன் கிடைக்காமல் வெறுங்கையோடு திரும்பிக்கொண்டிருந்தார்கள். இடையில் இருந்தது கடல் அல்ல, செய்தி இல்லாமை. இதைப் பதிவு செய்தவர் ரொபர்ட் ஜென்சன் என்ற பொருளியலாளர். 1997 முதல் 2001 வரை அந்தக் கரையோரம் படிப்படியாகக் கைத்தொலைபேசிக் கோபுரங்கள் எழுந்தன. மீனவர்கள் கடலில் இருந்தபடியே விலை கேட்டு, எந்தக் கரையில் ஏறுவதென்று தீர்மானித்தார்கள். அதற்கு முன் பிடித்ததில் நூற்றுக்கு ஐந்து முதல் எட்டு வீதம் வரை வீணாகப் போனது, பின்னர் அந்த வீண்விரயம் இல்லாமலே போனது. மீனவரின் இலாபம் சுமார் 8 வீதம் கூடியது, வாங்குபவரின் விலை சுமார் 4 வீதம் குறைந்தது. 2007இல் வெளியான அவரது ஆய்வின் கணக்கு இது.

தந்தி நூறு வருடமாகப் பெரிய வியாபாரியின் கையில் கொடுத்த செய்தியை, கைத்தொலைபேசி சரக்குக்காரனின் கையில் கொடுத்தது. ஒட்டகத்தில் வருபவனுக்கு வழியிலேயே சந்தை விலை தெரிந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அதற்காக முந்தி ஓடுகிறவர்கள் ஓய்ந்துவிடவில்லை. 2010இல் சிக்காகோவிலிருந்து நியூயோர்க் பக்கத்துப் பங்குச்சந்தைக் கணினிகள் வரை, மலைகளையும் குடைந்து, கூடியவரை நேர்கோடாக ஒரு கண்ணாடி இழைக் கேபிள் போடப்பட்டது. செலவு சுமார் 300 மில்லியன் டொலர். மிச்சமானது செக்கனின் ஆயிரத்தில் சில பங்கு. சில வருடங்களில் அதையும் காற்றில் செல்லும் நுண்ணலைக் கோபுரங்கள் முந்திவிட்டன. ஒப்சேவர் புறா இன்னும் பறக்கிறது, கண்ணுக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான்.

இங்கே எமது வியாபாரத்தைப் பார்ப்போம். இரத்தினபுரிப் பக்கம் கல் தோண்டுபவனுக்கு பேங்கொக் விலை தெரியாத காலத்தில் வாங்குபவன் வைத்ததே விலை. இன்று அவனும் கல்லைப் படம் பிடித்து நான்கு பேருக்கு அனுப்பிவிட்டுத்தான் பேசுகிறான். ‘முந்தி மாதிரி இலாபம் இல்லை’ என்று எம்மவர்கள் முறையிடுவதன் ஒரு பகுதி இதுதான். கல்லைத் தரம் பார்க்கத் தெரிந்தவனுக்கும், சூடுகாட்டி நிறம் திருத்தத் தெரிந்தவனுக்கும், சொன்ன தவணைக்குக் காசு கொடுப்பவனுக்கும் இன்னும் இலாபம் இருக்கிறது. மற்றவனின் அறியாமையை மட்டும் முதலாக வைத்திருந்தவனுக்குத்தான் கடை காலியாகிறது. அதற்காக அழ வேண்டியதில்லை.

ஆனால் செய்தி தெரிந்தால் மட்டும் விற்பவன் சந்தைக்கு வந்துவிட்டான் என்று ஆகாது. கரையோரங்களில் படகுக்கும் வலைக்கும் எஞ்சினுக்கும் முற்பணம் கொடுத்து, பிடிக்கும் மீனைத் தனக்கே தர வேண்டும் என்று முதலாளி கட்டிப்போடும் வழக்கம் எமக்குப் புதிதல்ல. சில இடங்களில் விலையையும் அவரே சொல்கிறார். கடன் கொடுப்பது நல்ல காரியம். கடனைக் கொடுத்து விலையை வெட்டுவது என்ன வியாபாரம் என்பதை உலமாக்களிடம் கேட்டுத் தெளிவு பெற வேண்டும். கொடுத்த கடனுக்கு மேலால் வருகின்ற பயன் எப்படிப்பட்டது என்று அவர்கள் சொல்வார்கள். அந்தப் படகுக்காரனின் கைத்தொலைபேசியில் பேலியகொடை மீன் சந்தையின் இன்றைய விலை இருக்கிறது. கரைக்கு வரும்போதே அவன் அதைப் பார்த்துவிடுகிறான். மீனோ போன வருடமே விற்றாகிவிட்டது.