கல்லாப்பெட்டியும் கம்ப்யூட்டரும்

மதுரையில் சுங்குடிச் சேலைக் கடை வைத்திருக்கும் நண்பர், "வியாபாரம் நல்லாத்தான் நடக்குது, பேங்க்லதான் கேட்ட கடன் கிடைக்கலை" என்று அலுத்துக் கொண்டார். அவருடைய ஸ்டேட்மெண்ட்டைப் பார்த்தேன். ஆண்டுக்கு 20 லட்சத்துக்கு விற்பவர். கணக்கில் நுழைந்ததோ 8 லட்சம்தான். மீதி கல்லாவிலேயே சுற்றியிருக்கிறது.

சிறு தொழிலுக்கு நடைமுறை மூலதனம் தர, நாயக் குழு வகுத்த முறை ஒன்று உண்டு. எதிர்பார்க்கும் ஆண்டு விற்பனையில் 20 சதவீதம் வங்கி தரும். 5 சதவீதம் நம் கைப்பணம். 20 லட்சத்துக்கு 4 லட்சம். 8 லட்சத்தைத்தான் காட்ட முடிகிறது என்றால் 1,60,000. தீபாவளிச் சரக்கு எடுக்கும்போது இந்த வித்தியாசம் உறைக்கும்!

நீங்களும் பார்த்துவிடலாம். நெட் பேங்கிங்கில் நுழைந்து, ஓராண்டு ஸ்டேட்மெண்ட்டை எக்செல் ஃபைலாக டவுன்லோட் செய்யுங்கள். வரவுப் பத்தியில் கைமாற்று, கடன் வரவு, சொந்தக் கணக்கிலிருந்து மாற்றிய தொகை ஆகியவற்றை நீக்கிவிட்டு ஆட்டோசம் பட்டனை அழுத்துங்கள். வருவதுதான் வங்கி அறிந்த உங்கள் விற்பனை.

கேஷ் கிரெடிட் கணக்கு வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு கணக்கு. எடுத்த தொகைக்கு மட்டும், நாள் கணக்கில்தான் வட்டி. 12 சதவீத வட்டியில் 1 லட்சத்தைப் பத்து நாள் கல்லாவில் வைத்திருந்தால் சுமார் 329 ரூபாய் வீண்.

கடன் கேட்கும்போது உத்யம் பதிவுச் சான்றும் கேட்பார்கள். 2020 ஜூலையில் வந்த இந்தப் பதிவுக்கு அரசு தளத்தில் கட்டணமே கிடையாது. பணம் கேட்கும் தளம் திறந்தால் உடனே மூடிவிடுங்கள்.