பள்ளிக்கு வந்த குழந்தைக்கு வாசிக்கத் தெரிகிறதா? ஜான்பூர் ஆய்வு புகட்டிய பாடம்

புது தில்லி: கல்வி குறித்து நாடாளுமன்றத்தில் எழுப்பப்படும் கேள்விகளுக்கு அரசு அளிக்கும் பதில்களில் மாணவர் சேர்க்கை, வகுப்பறைகள், கழிப்பறைகள், ஒதுக்கப்பட்ட நிதி ஆகியவற்றின் கணக்குகளே பெரும்பாலும் இடம்பெறுவது வழக்கம். பள்ளிக்கு வந்த குழந்தை எதைக் கற்றது என்ற கணக்கு அரிதாகவே பேசப்பட்டு வந்தது. அந்தக் கேள்வியை முன்னுக்குக் கொண்டு வந்ததில், கிராமங்களில் நடத்தப்பட்ட சில ஆய்வுகளுக்கு முக்கியப் பங்கு உண்டு.

அனைவருக்கும் கல்வி இயக்கம் 2001-இல் தொடங்கப்பட்டது. அடுத்த ஆண்டே, 6 முதல் 14 வயது வரையிலான குழந்தைகளுக்குக் கல்வி அடிப்படை உரிமை என அரசியல் சாசனம் திருத்தப்பட்டது. 2004-இல் மத்திய வரிகள் மீது 2 சதவீத கல்வி மேல்வரி (செஸ்) விதிக்கப்பட்டது. பள்ளிகளை ஊர் மக்களே கண்காணிக்க வேண்டும் என்பதற்காக கிராமக் கல்விக் குழுக்களும் அமைக்கப்பட்டன. பணம் வந்தது, குழுவும் வந்தது. இனி கல்வி தானாகவே வந்துவிடும் என நம்பப்பட்டது.

ஒரே ஒரு தாள்: மும்பை குடிசைப் பகுதிகளில் பணியைத் தொடங்கிய 'பிரதம்' தொண்டு நிறுவனம், 2005-இல் 'அசர்' என்ற ஊரகக் கல்வி ஆய்வை நாடு முழுவதும் மேற்கொண்டது. 'தாக்கம்' எனப் பொருள்படும் ஹிந்திச் சொல் அது. வீடு வீடாகச் செல்லும் தன்னார்வலர்கள் குழந்தையிடம் ஒரு தாளை நீட்டுவார்கள். அதில் எழுத்துகள், சொற்கள், முதல் வகுப்பு நிலையில் ஒரு பத்தி, இரண்டாம் வகுப்பு நிலையில் ஒரு சிறுகதை ஆகியவை இருக்கும். எதுவரை வாசிக்க முடிகிறது என்பதே தேர்வு.

கிராமப்புறக் குழந்தைகளில் நூற்றுக்கு 93 பேர் பள்ளியில் சேர்ந்திருப்பது அந்த ஆய்வில் தெரிய வந்தது. ஆனால், 7 முதல் 14 வயது வரையிலானவர்களில் சுமார் 35 சதவீதம் பேரால் முதல் வகுப்புப் பத்தியைக்கூட வாசிக்க இயலவில்லை.

உறுப்பினருக்கே தெரியாது: அப்படியானால், ஊர்க் குழுக்கள் என்ன செய்தன? இதை அறிய உத்தரப் பிரதேச மாநிலம் ஜான்பூர் மாவட்டத்தில் 280 கிராமங்களில் 2005-06-இல் ஆய்வு நடத்தப்பட்டது. பொருளாதார நிபுணர்கள் அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டூஃப்லோ, பிரதம் அமைப்பின் ருக்மிணி பானர்ஜி உள்ளிட்டோர் இதை மேற்கொண்டனர். தங்கள் ஊரில் இப்படி ஒரு குழு இருப்பதே 92 சதவீத பெற்றோருக்குத் தெரியவில்லை. அதைவிட வியப்பு, குழுவில் இடம்பெற்றிருந்த பெற்றோரில் ஏறத்தாழ நான்கில் ஒருவருக்குத் தாம் உறுப்பினர் என்பதே தெரியாது.

கிராமங்கள் குலுக்கல் முறையில் நான்காகப் பிரிக்கப்பட்டன. முதல் பிரிவில், கூட்டம் கூட்டி, குழுவின் அதிகாரங்கள் விளக்கப்பட்டன. இரண்டாவது பிரிவில், குழந்தைகளின் வாசிப்புத் திறனைத் தாங்களே சோதித்து, ஊருக்கான மதிப்பெண் பட்டியல் தயாரிக்கவும் மக்களுக்குக் கற்றுத் தரப்பட்டது. மூன்றாவது பிரிவில், இவற்றுடன், உள்ளூர் இளைஞர்களுக்குச் சில நாள் பயிற்சி அளித்து, பள்ளி நேரத்துக்கு வெளியே வாசிப்பு முகாம்கள் நடத்தப்பட்டன. ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக, நான்காவது பிரிவு கிராமங்களில் எதுவும் செய்யப்படவில்லை.

முதல் இரு முயற்சிகளும் பலன் தரவில்லை. கூட்டங்களுக்கு மக்கள் வந்தனர், பேசினர், கலைந்தனர். ஆசிரியர் வருகையிலோ, குழந்தைகளின் கல்வியிலோ மாற்றம் ஏற்படவில்லை. மூன்றாவது பிரிவில் மட்டும், முகாமுக்கு வந்த குழந்தைகளிடம் தெளிவான முன்னேற்றம் காணப்பட்டது. எழுத்தே அறியாதவர்கள் எழுத்துகளை அடையாளம் காணத் தொடங்கினர். ஆனால், அந்த ஊர்களின் குழந்தைகளில் சுமார் 8 சதவீதத்தினரே முகாமுக்கு வந்தனர் என்பது மற்றொரு குறை.

மக்களுக்குத் தகவல் கொடுத்தால் போதும் என்ற நம்பிக்கைக்கு எதிரான இந்த முடிவு மறைக்கப்படவில்லை; 2010-இல் ஆய்வுக் கட்டுரையாக வெளியிடப்பட்டது. திட்டத்தை நடத்திய அமைப்பைச் சேர்ந்தவரும் அதன் ஆசிரியர்களுள் ஒருவர் என்பது குறிப்பிடத்தக்கது.

பாடத்திட்டமா, குழந்தையா?: முகாம் முறையால் பலன் உண்டு, ஆனால் எல்லாக் குழந்தைகளையும் எட்ட வேண்டுமானால் பள்ளிக்குள்தான் செல்ல வேண்டும் என்ற முடிவுக்கு அடுத்த ஆய்வுகள் இட்டுச் சென்றன. பிகாரில் 2008 கோடை விடுமுறையில் அரசு ஆசிரியர்களே முகாம் நடத்தியபோது குழந்தைகள் முன்னேறினர். ஆனால், பள்ளி நாள்களில் பயிற்சியும் புதிய பாடப் பொருள்களும் அளித்தும் அத்தகைய பலன் கிடைக்கவில்லை. பாடத்திட்டத்தை முடிக்க வேண்டிய கட்டாயத்தில் இருந்த ஆசிரியர்கள், பின்தங்கிய குழந்தைக்காகக் காத்திருக்கவில்லை.

எனவே, ஹரியாணாவில் 2012-13-இல் நாள்தோறும் ஒரு மணி நேரம் இதற்கெனவே ஒதுக்கப்பட்டது. குழந்தைகள் வகுப்பு வாரியாக அன்றி, வாசிப்புத் திறன் வாரியாக அமர்த்தப்பட்டனர். கல்வித் துறை அலுவலர்கள் மேற்பார்வையிட்டனர். ஹிந்தி வாசிப்பில் முன்னேற்றம் ஏற்பட்டது. அடுத்த ஆண்டு உத்தரப் பிரதேசப் பள்ளிகளுக்குள்ளேயே குறுகிய கால முகாம்கள் நடத்தப்பட்டபோது, பத்தியோ கதையோ வாசிக்கக் கூடிய குழந்தைகளின் விகிதம், முகாம் நடைபெறாத பள்ளிகளைப் போல ஏறத்தாழ இரு மடங்கானது. பின்னர் சாம்பியா போன்ற ஆப்பிரிக்க நாடுகளும் இந்த முறையை ஏற்றன. அபிஜித் பானர்ஜிக்கும் எஸ்தர் டூஃப்லோவுக்கும், மைக்கேல் கிரெமருடன் சேர்த்து, 2019-இல் நோபல் பரிசு வழங்கப்பட்டது.

இலக்கும் நிலவரமும்: தேசிய கல்விக் கொள்கை 2020 அடிப்படை எழுத்தறிவுக்கும் எண்ணறிவுக்கும் முதலிடம் அளித்தது. 2021 ஜூலையில் தொடங்கப்பட்ட 'நிபுண் பாரத்' திட்டம், 2026-27-க்குள் மூன்றாம் வகுப்பை முடிக்கும் ஒவ்வொரு குழந்தையும் அத்திறனைப் பெற வேண்டும் என இலக்கு நிர்ணயித்தது.

கடந்த 2025 ஜனவரியில் தில்லியில் வெளியிடப்பட்ட 'அசர்' அறிக்கை ஓரளவு நம்பிக்கை தருகிறது. கிராமப்புற அரசுப் பள்ளிகளில், மூன்றாம் வகுப்பு மாணவர்களில் இரண்டாம் வகுப்புப் பாடத்தை வாசிக்கக் கூடியவர்கள் 2018-இல் 20.9 சதவீதமாக இருந்தனர். கரோனா காலத்துக்குப் பிறகு, 2022-இல் இது 16.3 சதவீதமாகச் சரிந்தது, 2024-இல் 23.4 சதவீதமாக உயர்ந்துள்ளது. சரிவு மீட்கப்பட்டிருப்பது உண்மை. நான்கில் மூன்று குழந்தைகளுக்கு இன்னமும் அந்தத் திறன் இல்லை என்பதும் உண்மை.

கல்வி உரிமைச் சட்டத்தின்படி, பெற்றோரை நான்கில் மூன்று பங்கு உறுப்பினர்களாகக் கொண்ட பள்ளி மேலாண்மைக் குழுக்கள் இப்போது உள்ளன. குழு இருந்தால் மட்டும் போதாது என்பதை ஜான்பூர் காட்டிவிட்டது. தன் பிள்ளைக்கு வாசிக்கத் தெரிகிறதா என்பதைப் பெற்றோர் அறிவதுடன், தெரியாத பிள்ளைக்கு மறுநாள் முதல் யார், எந்த நேரத்தில் கற்றுத் தருவார் என்பதும் முடிவாக வேண்டும். அந்த ஏற்பாடு இல்லாத கிராமத்தில், ஆய்வறிக்கை எத்தனை முறை வெளியானாலும் குழந்தையின் கையில் உள்ள தாள் வாசிக்கப்படாமலேயே இருக்கும்.