சோற்று நேரத்துத் தவுல

பகல் பன்னிரண்டு மணிக்குப் பிறகு பௌத்த பிக்குகள் சோறு உண்பதில்லை. புத்தருக்குப் படைக்கும் சோறும் அதற்கு முன்பே வைக்கப்பட வேண்டும். பழைய ரஜமகா விகாரைகளில் நாளுக்கு மூன்று வேளை மேளம் முழங்குவது மரபு: விடியற்காலை, முற்பகல், மாலை. முதல் இரண்டு வேளையும் சாப்பாடு இருக்கும். மாலையில் பூ, விளக்கு, பானம், அவ்வளவுதான். இந்த வழிபாட்டைச் சிங்களவர் தேவாவ என்பார்கள். மேளம் இல்லாமல் படையல் இல்லை. புத்தரின் சாப்பாட்டு நேரத்தை ஊருக்குச் சொல்லுகிற வேலை மேளக்காரருடையது. அவருடைய சாப்பாடு எங்கிருந்து வருகிறது என்பது வேறு கதை.

அப்படியொரு ரஜமகா விகாரை இருக்கும் தம்புள்ளையை நம்மில் பலர் பஸ் ஜன்னல் வழியாகத்தான் அறிவோம். கண்டியிலிருந்து யாழ்ப்பாணம் போகும் ஏ9 வீதியும் அம்பேபுஸ்ஸவிலிருந்து திருகோணமலை போகும் ஏ6 வீதியும் சந்திக்கிற ஊர். தேநீர்க் கடைகள், வெங்காய மூட்டை ஏற்றிய லொறிகள், ஹோர்ன் சத்தம். இவற்றுக்கெல்லாம் மேலே சமவெளியிலிருந்து 160 மீற்றர் உயரத்துக்கு ஒரு கற்பாறை எழுந்து நிற்கிறது. அதில் ஐந்து குகைகள், 157 சிலைகள், ஏறக்குறைய 2100 சதுர மீற்றர் சுவரோவியம். 1991இல் யுனெஸ்கோ இதை உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தது. அநுராதபுரத்தை இழந்து மறைந்து திரிந்த வலகம்பா மன்னன், கி.மு. முதலாம் நூற்றாண்டில் ஆட்சியை மீட்ட பிறகு தனக்கு அடைக்கலம் தந்த குகைகளை விகாரையாக்கினான் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் வரலாறு. இன்று நாம் அண்ணாந்து பார்க்கும் ஓவியங்களில் பெரும்பகுதி 18ஆம் நூற்றாண்டில் கீர்த்தி சிறி ராஜசிங்கன் காலத்து வேலை. மூன்றாவது குகையில் அவனுக்கும் ஒரு சிலை உண்டு. அவன் மதுரைப் பக்கத்திலிருந்து வந்த நாயக்கர் வம்சத்தவன் என்பதைத் தமிழ் வாசகருக்குச் சொல்லாமல் விட மனம் வரவில்லை.

விகாரை மேளத்துக்கு ஹேவிசி என்று பெயர். தவுல, தம்மெட்டம, ஹொரணாவ மூன்றும் சேர்ந்தது. கோயில் மேளம் கேட்டு வளர்ந்த காதுக்கு இந்தச் சத்தம் அந்நியமாகப் படாது. தவில் நடுவில் பருத்திருக்கும். தவுல நேரான உருளை. இரண்டிலும் ஒரு பக்கத்தைக் கோலாலும் மறுபக்கத்தைக் கையாலும் அடிக்க வேண்டும். நம் தவில்காரர் விரல்களுக்குக் கூடு மாட்டிக்கொள்வார். தவுல அடிப்பவருக்கு வெறுங்கைதான். தம்மெட்டம என்பது சேர்த்துக் கட்டிய இரட்டைப் பறை, இரண்டு குச்சிகளால் அடிப்பது. ஹொரணாவ சின்ன நாதசுரம். அதன் சீவாளி தாளிப்பனை ஓலையில் செய்வது. ஆனால் ராகத்தை மணிக்கணக்கில் விரித்து வாசிக்கும் வழக்கம் இதில் இல்லை. நாதசுரக் கச்சேரியை எதிர்பார்த்துப் போகிறவர் ஏமாந்து போவார். ஹேவிசியில் ஆட்சி தாளத்தின் கையில். எந்தச் சடங்குக்கு எந்த அடி என்பது வகுக்கப்பட்டிருக்கிறது. காதாலேயே நேரத்தையும் காரியத்தையும் அறிந்துகொள்ள முடியும்.

அடிப்பவருக்கு அன்று சம்பளம் கிடையாது, வயல் உண்டு. கண்டி அரசில் நிலமும் ஊழியமும் ஒன்றோடொன்று கட்டுண்டவை. மன்னன் விகாரைக்கு விட்ட கிராமத்தில் ஒவ்வொரு பங்கு வயலுக்கும் ஒரு வேலை. ஒருவர் படையல் சமைக்க, ஒருவர் விறகு கொண்டுவர, ஒருவர் கூரை வேய, ஒருவர் மேளம் அடிக்க. முறை வைத்துக்கொண்டு வருவார்கள். தன் முறை வந்த நாட்களில் மேளக்காரர் விகாரையோடு விகாரையாக இருப்பார். முறை முடிந்தால் மண்வெட்டியோடு வயலுக்குப் போவார். மேளம் தோளில் இருக்கும் நாளும் கலப்பை தோளில் இருக்கும் நாளுமாகத்தான் அவர் வருடம் ஓடியது.

1832இல் பிரித்தானியர் ராஜகாரிய என்ற இந்தக் கட்டாய ஊழிய முறையை ஒழித்தபோது விகாரை, தேவாலய நிலங்களில் கை வைக்கவில்லை. 1870இல் அதற்கென்று ஊழிய நிலச் சட்டம் வந்தது. எந்தத் துண்டு நிலத்துக்கு எந்த வேலை, எத்தனை நாள் என்று ஆணையாளர்கள் ஊர் ஊராகப் பதிவேடு எழுதினார்கள். வேலை செய்ய விரும்பாதவர் அதற்கு ஈடாகக் காசு கட்டலாம் என்று வழியும் திறந்துவிட்டார்கள். மேள மரபு அரிக்கப்படத் தொடங்கியது அந்த வழியாகத்தான் என்பேன். அதைக் குறை சொல்லவும் முடியாது. நெல் விளைகிற வருடம் அந்த ஒப்பந்தம் நியாயமாகத் தெரியும். மழை பொய்த்த வருடத்திலும் மேளம் அடித்தே ஆக வேண்டும். சோற்றுக்கு மட்டும் யாரும் பொறுப்பில்லை.

மழை பொய்ப்பது இங்கே அரிதான சங்கதியும் அல்ல. ஒரே மாத்தளை மாவட்டம்தான், ஆனால் தெற்கே மிளகும் கறுவாவும் சாதிக்காயும் கொழுந்துமாகக் குளிர்ந்து கிடக்கும் நிலம், நாலந்தையைத் தாண்டி வடக்கே இறங்க இறங்கக் காய்ந்துபோகும். தம்புள்ளை குளத்தை நம்பி வாழும் ஊர். கண்டலம, இப்பன்கட்டுவ குளங்களில் தண்ணீர் இருந்தால் வயல். இல்லாவிட்டால் காட்டை வெட்டி எரித்துச் செய்யும் சேனைப் பயிர்: குரக்கன், எள்ளு, சோளம், பூசணி.

ஆகவே இந்த ஊர்ச் சாப்பாடு இரண்டு கால்களில் நிற்கிறது. வயல் கொடுத்தால் சோறு, சேனை கொடுத்தால் குரக்கன். விடியற்காலையில் இலைக்கஞ்சி. வல்லாரை, சாத்தாவாரி, முடக்கொத்தான், எது கிடைக்கிறதோ அதை இடித்துச் சாறு பிழிந்து, சிவப்பரிசியும் தேங்காய்ப்பாலும் சேர்த்துக் காய்ச்சி, கித்துள் கருப்பட்டியைக் கடித்துக்கொண்டு சூடாகக் குடிப்பது. விடிய முன்னரே எழுந்து பாறை ஏற வேண்டியவருக்கு இதைவிட நல்ல ஆகாரம் எனக்குத் தெரிந்து இல்லை. வயிற்றை நிரப்பும், மூச்சை முட்டாது.

குரக்கன் மாவைக் கொதிநீரில் கிண்டி எடுப்பது தலப. நம் களிதான். அதைக் கிள்ளி உருட்டிக் குழம்பில் தோய்த்து மெல்லாமல் விழுங்க வேண்டும். குழம்பு பெரும்பாலும் குளத்து மீன் அல்லது கருவாடு. விரால் கிடைத்தால் விருந்து. மற்ற நாட்களில் திலாப்பியா. 1952இல் வெளியிலிருந்து கொண்டுவந்து குளங்களில் விட்ட மீன் அது. இன்று உலர்வலயத்து ஏழை வீட்டு மீன் அதுதான். இதில் ஒரு வேடிக்கையும் நடந்திருக்கிறது. உயிர்க்கொலைக்கு அரசு துணைபோகக் கூடாது என்ற சமயக் காரணத்தால் 1990இல் குளத்து மீன்பிடிக்கான அரச ஆதரவு நிறுத்தப்பட்டது. 1994இல் திரும்பக் கொடுத்தார்கள். அந்த நான்கு வருடத்தில் கொள்கை வகுத்தவர்கள் வீட்டில் மீன் குறைந்ததாகத் தெரியவில்லை. அடி விழுந்தது குளக்கரை வீடுகளில்.

வயல் வேலை நாட்களில் சாப்பாடு வீட்டில் இல்லை, வரப்பில். வேலை செய்கிறவர்களுக்குப் பெண்கள் தலைச்சுமையாகக் கொண்டுவரும் பகலுணவுக்கு அம்புல என்று பெயர். சிவப்பரிசிச் சோறு, கருவாட்டுப் பொரியல், ஓர் இலைச் சுண்டல், தேங்காய்ச் சம்பல். இவற்றோடு பிஞ்சுப் பலாக்காய் இருந்தால் வேறு எதுவும் வேண்டாம். கொறுக்காய்ப் புளியும் மிளகும் கறுவாவும் போட்டு, மண்சட்டியில் மெல்லிய நெருப்பில் இரவு முழுக்கக் கிடந்து கறுத்துப்போன பலாக்காய். மாத்தளையின் தெற்கும் வடக்கும் ஒரு சட்டியில் சேருவது இந்தக் கறியில்தான்: வாசனைச் சரக்கு அங்கிருந்து, பசி இங்கிருந்து.

பலாவைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். கண்டி அரசில் 19 வருடங்கள் சிறைபட்டுக் கிடந்து 1679இல் தப்பிய ஆங்கிலேயர் ரொபர்ட் நொக்ஸ், 1681இல் வெளிவந்த தன் நூலில், இந்த மக்களின் உணவில் பெரும்பங்கு பலாவுடையது என்று எழுதிவைத்தார். பஞ்சத்தைத் தடுக்க நாடெங்கும் பலா நடச் சொல்லி இருபதாம் நூற்றாண்டில் இயக்கமே நடத்திய ஆர்தர் வி. டயஸை மக்கள் இன்றும் ‘கொஸ் மாமா’, அதாவது பலா மாமா என்றே நினைவில் வைத்திருக்கிறார்கள். அதே மரம்தான் மேளத்துக்கும். நம் தவிலின் கட்டை பலா. கண்டி மேளங்களுக்கும் வேம்பு, கொன்றையோடு பலாவைக் கடைவதுண்டு. காய்க்கும் வரை சோறு போட்டு, காய்ப்பு நின்ற பிறகு மேளமாகிற மரம்.

இசை விகாரையோடு நின்றுவிடுவதும் இல்லை. நாற்று நடப் பாட்டு, கதிர் அறுக்கப் பாட்டு, சேனைக் காவல் பரணில் யானையை விரட்டிக்கொண்டு தூக்கத்தையும் விரட்டப் பாட்டு. அறுவடைப் பாட்டுக்குப் பும்மெடிய என்றொரு மண்குடம். வாயில் தோல் கட்டிக் கையால் அடிப்பது. சித்திரைப் புத்தாண்டில் பாற்சோறு பொங்கும்போது பெண்கள் ரபான் என்ற பெரிய மேளத்தைச் சுற்றி உட்கார்ந்து அடிப்பார்கள். புத்தரிசி வந்தால் முதல் படி விகாரைக்கு. கண்டி தலதா மாளிகையில் தைப் போயா அன்று புதுநெல் விழா நடக்கும். நம் பொங்கலுக்குப் பக்கத்து வீட்டு விழா.

இதுவரை இனிப்பாகச் சொல்லிவிட்டேன். கசப்பும் இருக்கிறது.

மேளம் அடிப்பது ஒரு சாதியின் வேலை. பெரவா என்றும் நெக்கதி என்றும் அழைக்கப்படும் அந்தச் சமூகத்தவர் சோதிடம் பார்ப்பார்கள், பேயோட்டும் தொவில் சடங்கு நடத்துவார்கள், கிரகப் பூசைக்கு மண்ணில் உருவம் வனைவார்கள், இரவு முழுவதும் தாளம் தவறாமல் அடிப்பார்கள். அன்னதான வீட்டிலும் சாவு வீட்டிலும் அவர்கள் வந்தால்தான் காரியம் தொடங்கும். ஆனால் சாப்பிட உட்காரும்போது அவர்களுக்கு வேறு இடம், தாழ்ந்த ஆசனம், கடைசிப் பந்தி. பிரைஸ் ரயன் 1953இல் இலங்கைச் சாதி பற்றி எழுதிய நூலில் இந்த ஆசன வேறுபாடுகள் பதிவாகியிருக்கின்றன. புத்தரின் சோற்றுக்கு முன்னால் நிற்கத் தகுதி உண்டு, ஊர்க்காரரின் சோற்றுக்குப் பக்கத்தில் உட்காரத் தகுதி இல்லை! பௌத்தம் பேசும் சமூகம் இதை எப்படிச் செரித்தது என்று கேட்கத் தோன்றும். நாம் கேட்கலாமா?

நாமும் அதைத்தானே செய்தோம். இதே மாத்தளை மாவட்டத் தோட்டங்களில் விடியுமுன் ஒலித்தது ஆட்களை வேலைக்குக் கூப்பிடும் பிரட்டுத் தப்பு. லயத்தில் ரொட்டி சுட்டுச் சம்பலும் சாயத்தண்ணியுமாக விழுங்கிவிட்டுப் பிரட்டுக்களத்துக்கு ஓட வைத்த சத்தம். திருவிழாவுக்கும் அந்தத் தப்பு வேண்டும், சாவுக்கும் வேண்டும். அடித்தவரைத் திண்ணையில் ஏற்றியவர் எத்தனை பேர்? யாழ்ப்பாணத்தில் அளவெட்டியும் இணுவிலும் தவில், நாதசுரத்தால் பெயர் பெற்ற ஊர்கள். 1975இல் மறைந்த தட்சணாமூர்த்தியின் தவிலையும் என்.கே. பத்மநாதனின் நாதசுரத்தையும் தமிழ்நாட்டு வித்துவான்களே கொண்டாடினார்கள். மாத்தளை முத்துமாரியம்மன் கோயிலின் மாசிமகப் பஞ்சரதத்தை மேளம் இல்லாமல் கற்பனை செய்ய முடியுமா? தமிழ்நாட்டு நாதசுர வித்துவான் திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை சண்டை பிடித்தது ராகத்துக்காக அல்ல, மேளக்காரரை நடத்தும் முறைக்காக.

இன்று தம்புள்ளையில் காலம் மாறியிருக்கிறது. 1999இல் திறந்த பொருளாதார மத்திய நிலையம் ஊரின் முகத்தையே மாற்றிவிட்டது. நுவரெலியா கரட்டும் யாழ்ப்பாணத்துச் சின்ன வெங்காயமும் இந்தப் பக்கத்துப் பெரிய வெங்காயமும் இங்கே இறங்கி, விலை பேசி, நாடெங்கும் ஏறிப் போகின்றன. மூட்டை தூக்குகிறவருக்கு அன்றன்றே கூலி. விகாரை முறைக்கு அப்படி இல்லை. மேளக்கார வீட்டுப் பையன் எதைத் தேர்ந்தெடுப்பான் என்று யோசிக்க வேண்டியதே இல்லை. முச்சக்கர வண்டி ஓட்டலாம், இராணுவத்தில் சேரலாம், சந்தையில் தராசு பிடிக்கலாம். எந்த வேலையிலும் அவன் சாதி தோளில் தொங்காது.

பாடசாலைகளில் இப்போது கண்டி நடனமும் மேளமும் பாடம். எல்லாச் சாதிப் பிள்ளைகளும் படிக்கிறார்கள். நல்லதுதான். ஆனால் மேடையில் ஆடினால் கலைஞர், ஹேவிசி அடித்தால் பெரவா என்கிற பேதம் போய்விடவில்லை. சுற்றுலா ஹோட்டல்களில் கிராமத்துச் சாப்பாடு என்று தாமரை இலையில் குரக்கன் ரொட்டியும் குளத்து மீனும் பரிமாறி, ஒரு மூலையில் மேளக்காரரை நிறுத்துகிறார்கள். இதை நான் முழுதாக வெறுக்கவில்லை. அங்கே கையில் காசு கிடைக்கிறது. மரபு கெடுகிறது என்று வருந்துகிறவர்கள், அந்த மரபுக்கு மாதச் சம்பளம் எவ்வளவு என்று முதலில் சொல்லட்டும்.

ஏ9இல் போகிறவர்கள் ஒருமுறையாவது தம்புள்ளையில் இறங்கி முற்பகலில் பாறை ஏறுங்கள். கீழே வந்ததும் பஸ் நிறுத்தத்து ரோல்ஸை விட்டுவிட்டு, குரக்கனும் பிஞ்சுப் பலாக்காயும் போடுகிற கடையாகத் தேடுங்கள். ஊருக்குத் திரும்பிய பிறகு, அடுத்த கல்யாணத்துக்கோ திருவிழாவுக்கோ மேளக்காரரை அழைக்கும்போது கூலியை முன்கூட்டியே பேசி முழுதாகக் கொடுங்கள். அவருக்கும் முதல் பந்தியிலேயே இலை போடுங்கள்.