செல்லாக்காசா, ஜிலேபிக் குஞ்சா? இனம் காணும் முறை

பூந்தமல்லி, ஆவடி, அம்பத்தூர் வட்டார விவசாயிகள் பண்ணைக் குட்டையில் கெண்டைக் குஞ்சு விடுமுன், உள்ளே இருக்கும் சிறு மீன்களை இனம் காண்பது அவசியம்.

செல்லாக்காசு தென்னிந்தியாவுக்கும் இலங்கைக்கும் உரிய மீன். சுமார் 8 செ.மீ. வளரும். காசு போன்ற தட்டை உடல், மஞ்சள் நிறம், வரிசையாகச் செம்புள்ளிகள், விலாவில் கரும்பொட்டு ஆகியவை அடையாளங்கள். ஜிலேபிக் கெண்டை 1952இல் இலங்கை வழியாக வந்த ஆப்பிரிக்க மீன். குஞ்சில் ஐயம் எழுந்தால், வயிற்றின் பின்பகுதியில் அடிப்புறமுள்ள துடுப்பின் முட்களை எண்ணவும். ஜிலேபிக்கு 3 முட்களே. செல்லாக்காசுக்கு 12 அல்லது அதற்கு மேல்.

செல்லாக்காசு கொசுப் புழுவைத் தின்னும். குட்டைக்குக் கெடுதல் இல்லை. கல்லில் முட்டையை ஒட்டி, ஆணும் பெண்ணும் காவல் காக்கும். பெண் ஜிலேபி முட்டையை வாயிலேயே அடைகாக்கும். சில மாதங்களிலேயே பெருகி, கெண்டையின் இரையைப் பங்கு போடும்.

சிறு தூண்டில் முள்ளில் மண்புழுத் துண்டைக் கோத்து, கரையோரக் கற்களின் அருகே போட்டால் இரண்டும் சிக்கும். குஞ்சு காக்கும் செல்லாக்காசு ஜோடியை விட்டுவிட வேண்டும். ஜிலேபியை உணவுக்குப் பயன்படுத்தலாம், ஏரியில் விடக்கூடாது.

தூண்டிலால் மட்டும் ஜிலேபி ஒழியாது. கோடையில் செல்லாக்காசைப் பிடித்து வேறு நீரில் வைத்துவிட்டு, குட்டையை நன்கு காயவிட வேண்டும். மீண்டும் நீர் விடும்போது வாய்மடையில் நெருக்கமான வலை கட்டுதல் நலம்.