நாற்பது நாள் விரதமும் ஒரு பிடி அரிசியும்

தை மாதக் கடைசியிலோ மாசியிலோ வரும் ஒரு புதன்கிழமையன்று நம் ஊர்க் கத்தோலிக்கக் கோயில்களுக்குச் சென்றால் ஓர் அரிய காட்சியைக் காணலாம். நிலச் சொந்தக்காரரும், அவர் வயலில் கூலிக்கு நாற்று நடுகிறவரும், பெரிய உத்தியோகஸ்தரும், அவர் வீட்டில் சமையல் செய்கிறவளும் ஒரே வரிசையில் வந்து குருவானவர் முன் தலை குனிகிறார்கள். சென்ற வருஷத்துக் குருத்தோலைத் திருநாளில் மந்திரித்த ஓலைகளை எரித்த சாம்பல், எல்லோர் நெற்றியிலும் ஒரே விதமாக இடப்படுகிறது. மண்ணிலிருந்து வந்தவன் மண்ணுக்கே திரும்புவான் என்பதை நினைவூட்டும் சடங்கு அது.

அன்று தொடங்குவதே தவக்காலம். சீர்திருத்தச் சபையார் இதனை லெந்து காலம் என்பர். அந்நாள் முதல் ஈஸ்டருக்கு முந்திய சனிக்கிழமை வரை எண்ணினால் 46 நாட்கள் வரும். உயிர்த்தெழுதலின் நினைவு நாட்களாகிய ஆறு ஞாயிறுகளையும் நீக்கினால் மிஞ்சுவது 40. வனாந்தரத்தில் இயேசுநாதர் உபவாசமிருந்த நாட்களும் அத்தனையே.

இக்காலத்துக்குரிய கடமைகள் மூன்று: பிரார்த்தனை, உபவாசம், தர்மம். மலைப் பிரசங்கத்தில் இம்மூன்றையும் ஒருங்கே எடுத்துரைத்த இயேசுநாதர், மூன்றையும் பிறர் மெச்சுவதற்காகச் செய்யலாகாது என்று எச்சரித்தார்.

வெள்ளிக்கிழமைகளில் ஜனங்கள் சிலுவைப் பாதையின் 14 நிலைகளிலும் நின்று தியானிக்கிறார்கள். கோவாவிலிருந்து இலங்கைக்கு வந்து தமிழ் கற்றுத் தமிழிலேயே நூல்கள் இயற்றிய யாக்கோமே கொன்சால்வெஸ் சுவாமிகளின் வியாகுலப் பிரசங்கத்தை இராகத்துடன் வாசிக்கும் வழக்கமும் உண்டு. அவர் மறைந்தது 1742-ம் வருஷத்தில். அவர் எழுதிய வாசகங்களைக் கேட்டு இன்றும் கண்ணீர் பெருக்குவோர் பலர்.

ஆனால், அந்தக் கண்ணீர் கோயில் வாசற்படியைத் தாண்டி வருகிறதா? இதுவன்றோ நாம் கேட்க வேண்டிய கேள்வி! மாமிசத்தை விலக்கிவிட்டு அதற்கு ஈடாக வகைவகையான பட்சணங்களைச் செய்து உண்பவர் உண்டு. விரதத்தினால் மிஞ்சிய பணத்தைப் பத்திரமாகப் பெட்டியில் வைத்துப் பூட்டுகிறவரும் உண்டு. முன்னதிலே நாவுக்கு நஷ்டமில்லை. பின்னதிலே பைக்கு லாபம். இரண்டிலும் பசித்தவனுக்கு ஒரு கவளமும் கிட்டுவதில்லை.

ஆதித் திருச்சபையார் இவ்விஷயத்தில் வெகு கண்டிப்பாக இருந்தனர். இரண்டாம் நூற்றாண்டைச் சேர்ந்த 'ஹெர்மாஸின் மேய்ப்பன்' என்னும் நூல், விரத நாளில் ரொட்டியும் தண்ணீரும் மட்டுமே கொள்ளச் சொல்கிறது. அன்று உண்ணாமல் விட்ட உணவின் விலையைக் கணக்கிட்டு, விதவைக்கோ அநாதைக்கோ வறியவருக்கோ கொடுத்துவிட வேண்டும் என்றும் விதிக்கிறது. நம் வள்ளுவர் பெருமானும் பசியைப் பொறுக்கும் தவசிகளின் ஆற்றலைவிட, பிறர் பசியை மாற்றுவோரின் ஆற்றலே பெரிதென்று ஈகை அதிகாரத்தில் தீர்ப்பளித்திருக்கிறார். எங்கோ பிறந்த நூலும் தமிழ் மறையும் ஒன்றுபடும் இடம் இது.

1975-ம் வருஷம் அமெரிக்காவில் பென்ஸில்வேனியா மாகாணத்து ஆலன்டவுன் நகரில், ஆப்பிரிக்காவில் வறட்சியால் வாடியவர்களுக்காகக் கத்தோலிக்கர் ஒரு முயற்சி தொடங்கினர். எளிய உணவினால் மிஞ்சிய காசைச் சாப்பாட்டு மேஜைமீது வைத்த காகிதப் பெட்டியில் இட்டுச் சேர்த்தார்கள். அதன் பெயர் 'அரிசிக் கிண்ணம்'! நம் தென்னாட்டுத் தாய்மாருக்கு இது புதிதன்று. உலையிலிடும் அரிசியில் ஒரு பிடியைத் தினமும் தனிக் கலயத்தில் எடுத்து வைத்துச் சபைக்கு அளிக்கும் பிடியரிசிக் காணிக்கையை அவர்கள் நெடுங்காலமாக அறிவார்கள்.

இந்தப் பிடியரிசியில் ஒரு நுட்பம் இருக்கிறது. பல வீட்டு அரிசியும் கோயிலில் ஒரே குவியலாகக் கொட்டப்படும்போது, எந்தப் பிடி எவருடையது என்று யாராலும் சொல்ல முடியாது. கொடுத்தவர் மார் தட்டிக்கொள்ள இடமில்லை. பெறுகிறவர் எவர் வாசலிலும் கூனி நிற்க வேண்டியதில்லை. தனியே கொடுத்தால் அகந்தை வந்து சேரும். கூடி வழிபட்டுக் கூடிக் கொடுத்தால் அது ஒளிந்துகொள்ள இடமேது? ஒரே சாம்பலை ஏற்ற நெற்றிகளுக்குச் சொந்தக்காரர்கள், ஒரே குவியலில் தங்கள் பிடியையும் சேர்க்கும் நாளில்தான் நாற்பது நாள் விரதம் நிறைவு பெறும்.