வண்டி சூடாகும் முன் கேளுங்கள்

பழைய கார் பார்க்கப் போகிறவர்கள் பெரும்பாலும் ஞாயிற்றுக்கிழமை மதியம்தான் போகிறார்கள். பெயின்ட்டைத் தடவிப் பார்ப்பார்கள், டயரைத் தட்டுவார்கள், ஏ.சி. போடச் சொல்வார்கள். விற்பவர் காலையிலேயே ஸ்டார்ட் செய்து என்ஜினைச் சூடாக்கி வைத்திருந்தால், கேட்க வேண்டிய முக்கியமான சத்தம் அதற்குள் அடங்கிவிட்டிருக்கும். டைமிங் செயினின் சத்தம் அது.

உத்திரமேரூர் சுற்றுவட்டாரக் கிராமங்களில் சொந்தக் கார் ஆடம்பரமல்ல. நள்ளிரவில் நெஞ்சுவலி என்றால் செங்கல்பட்டு அரசு மருத்துவமனைக்கு ஓட வேண்டிய வண்டி அது. அதனால்தான் இதை விரிவாகப் பேச வேண்டியிருக்கிறது.

செயின் வண்டி என்ற நம்பிக்கை

ஸ்விஃப்ட், டிசையர், ரிட்ஸ் டீசல் கார்களில் இருப்பது ஃபியட் வடிவமைத்த, டைமிங் செயின் உள்ள 1,248 சிசி மல்டிஜெட் என்ஜின். 2007-ல் ஸ்விஃப்ட்டில் வந்தது. 2020-ல் பி.எஸ்.6 விதி வந்தபோது மாருதி அதைக் கைவிட்டது. ஆகவே அந்த என்ஜினோடு இன்று கைமாறும் எதுவுமே புது வண்டி அல்ல.

இண்டிகா 1.4 டீசலிலும் பழைய இன்னோவா டீசலிலும் செயினுக்குப் பதில் பெல்ட் உண்டு. பெல்ட்டுக்குக் கிலோமீட்டர் கெடு இருக்கிறது. இன்னோவாவில் அதை நினைவூட்ட விளக்கே எரியும். செயினுக்குப் பொதுவாக அப்படிக் கெடு கிடையாது. ‘செயின் வண்டிதானே, அதைத் தொடவே வேண்டாம்’ என்ற பேச்சு அதனால் வந்தது.

கிராங்க் ஷாஃப்ட் இரண்டு சுற்று சுற்றினால் கேம் ஷாஃப்ட் ஒரு சுற்று. இந்தத் தாளத்தைக் காப்பது செயின். பிஸ்டன் மேலே வரும் நொடியில் வால்வு விலகியிருக்க வேண்டும். செயின் பல் தாண்டினால் தாளம் தப்பும். பிஸ்டன் வால்வில் மோதும். ராக்கர் உடையும், வால்வு வளையும். செயினோடு முடிந்திருக்க வேண்டிய செலவு, ஹெட்டைக் கழற்றும் வேலையில் போய் நிற்கும்.

தேய்ப்பது எது?

செயின் நீண்டுவிட்டது என்கிறோம். உண்மையில் இரும்பு நீள்வதில்லை. ஒவ்வொரு கண்ணியின் பின்னும் புஷ்ஷும் தேய்கின்றன. பழைய சைக்கிள் செயினைப் புதியதன் பக்கத்தில் தொங்கவிட்டால் வித்தியாசம் கண்ணுக்கே தெரியும். தேய்மானத்தைக் கூட்டுவது கரி ஏறிய ஆயில். தளர்வை இழுத்துப் பிடிக்கும் டென்ஷனரும் ஆயில் அழுத்தத்தில்தான் வேலை செய்கிறது.

டிராக்டருக்கு ஆயில் மாற்ற நம் விவசாயிகள் மணிக்கணக்கு பார்க்கிறார்கள். கார் மீட்டரோ ஓடிய தூரத்தை மட்டும் காட்டும், ஏ.சி. போட்டு நின்ற நேரத்தை எண்ணாது. மீட்டரைக் குறைத்து வைப்பவர்களும் உண்டு. எனவே எத்தனை கிலோமீட்டர் என்பதைவிட, எத்தனை முறை ஆயில் மாறியது என்பதே சரியான கேள்வி.

பராந்தகச் சோழன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டு, வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவரைக் குடவோலைத் தேர்தலுக்கே தகுதியில்லை என்று ஒதுக்கியது. சர்வீஸ் பில் காட்டாத வண்டியையும் அதே கண்டிப்போடுதான் பார்க்க வேண்டும்.

எப்போது மாற்றுவது?

ஸ்டார்ட் செய்ததும் ஓரிரு நொடி ‘கரகர’ என்று கேட்டு அடங்கினால், முதலில் ஆயில் அளவையும் தரத்தையும் பாருங்கள். நல்ல ஆயில் மாற்றிய பிறகும் தினமும் கேட்டால் தள்ளிப்போடாதீர்கள். சூடான பிறகும் சத்தம் தொடர்ந்தாலோ, கிராங்கும் கேமும் பொருந்தவில்லை என்று ஸ்கேனர் காட்டினாலோ, காரணம் தெரியும்வரை வண்டியை ஓட்டக் கூடாது. சத்தமும் இல்லை, பில்லும் ஒழுங்காக இருக்கிறது என்றால் செயினைத் தொட வேண்டியதில்லை.

மாற்றும்போது செயினை மட்டும் மாற்றுவது வீண் சிக்கனம். டென்ஷனர், கைடு, ஸ்ப்ராக்கெட் எல்லாம் சேர்ந்த செட்டாகப் போடுங்கள். முன்பக்கக் கவரைத் திறக்கும் கூலி ஒருமுறைதான். கேமைப் பூட்டி வைக்கும் டூல் இருக்கிறதா என்று மெக்கானிக்கிடம் கேளுங்கள். 15 ஆண்டு ஆர்.சி. முடியப்போகும் வண்டி என்றால், புதுப்பிக்கும் செலவையும் சேர்த்துக் கூட்டிப் பார்த்து விலை பேசுங்கள்.

விடியற்காலையில், சொல்லாமல் போய் நில்லுங்கள். பானட்டில் கை வைத்துப் பாருங்கள். சில்லென்று இருந்தால் மட்டும் சாவியைத் திருப்பச் சொல்லுங்கள். முதல் மூன்று நொடி யாரையும் பேசவிடாதீர்கள்.