ஏமாந்தவனுக்கு நட்டமா, ஏமாற்றியவனுக்கு நட்டமா?

சித்தூர், திருப்பதி வாழ் தமிழர்களுக்குச் சிலப்பதிகாரம் தூரத்துச் சமாசாரம் அல்ல. நம்ம திருமலை, வேங்கடம் என்ற பெயரில் அதன் காடுகாண் காதையிலேயே வருகிறது. நம் பிள்ளைகள் வீட்டில் கேட்கும் ஒரு கேள்விக்கும் அதில் பதில் இருக்கிறது. "ஊரே ஏமாத்துது, நாம மட்டும் ஏன் ஏமாறணும்?" என்பதே அக்கேள்வி.

மேலுக்குப் பார்த்தால் நட்டம் ஏமாந்தவனுக்குத்தான். ஆனால் கணக்கை முழுசாகப் பாருங்கள். மதுரைப் பொற்கொல்லன் கோப்பெருந்தேவியின் சிலம்பைத் திருடினான். அரசிக்குப் போனது ஒரு நகை. அவனுக்கோ அந்தக் களவை மறைக்க ஒரு பொய் தேவைப்பட்டது. கோவலன்மேல் பழி போட்டான். "இவன் கள்வனாகத் தெரியவில்லையே" என்று காவலர் தயங்கியபோதும், கள்வர் தந்திரங்களை அடுக்கி வாதாடினான். குற்றமற்றவனை வெட்டுக்கு அனுப்பக் கூசாதவனாக ஆகிவிட்டான். இந்த நட்டத்துக்கு ஈடு ஏது?

பாண்டியனுக்குக் கெட்ட எண்ணம் இல்லை. அரசியின் ஊடலைத் தீர்க்கும் அவசரத்தில் விசாரியாமல் ஆணையிட்டான். உமாசுவாதி முனிவரின் தத்துவார்த்த சூத்திரம், இப்படி மனம் காவல் தவறிய நிலையில் உயிருக்குச் செய்யும் கேட்டைத்தான் ஹிம்சை என்கிறது. அந்த நிலை வந்தவுடனே, எதிராளிக்குக் காயம் படுமுன்பே, செய்பவன் தன் ஆன்மாவைக் கெடுத்துக்கொள்கிறான் என்பது சமண ஆசாரியர்கள் கருத்து. தண்டிக்க வெளியிலிருந்து ஒருவர் வரவேண்டியதில்லை. வினை ஊறி வருவது ஊற்று, ஒட்டிக்கொள்வது கட்டு, கழன்று போவது உதிர்ப்பு. கடைக்காரன் பாஷையில் சொன்னால், பகையில்லாமல் துன்பத்தைத் தாங்குபவன் பழைய கடனை அடைக்கிறான். தீங்கு செய்பவன் புதுக்கடன் வாங்குகிறான்.

இதை வைத்து, அடிபட்டவனைப் பார்த்து "அவன் வினை" என்று ஒதுங்கிவிடக் கூடாது. அப்படி ஒதுங்கினால் அதுவே நமக்குப் புதுக்கடன். அநியாயத்தைத் தட்டிக் கேட்கலாம், கேட்கவும் வேண்டும். கண்ணகி அரசவைக்கே போய் வழக்குரைத்தாள். உடைத்த சிலம்பில் முத்துக்குப் பதில் மாணிக்கம் தெறித்ததும், தானே கள்வன் என்று உணர்ந்த பாண்டியன் உயிர் தரிக்கவில்லை. குற்றத்தின் பாரம் கண்ணில் பட்ட அந்தக் கணமே அவனைச் சாய்த்துவிட்டது.

கடல் கடந்த கிரேக்கத்திலும் இதே முடிவுக்கு ஒருவர் வந்தார். கி.மு. 399-இல் ஏதென்ஸ் நகரம் சாக்ரடீஸுக்கு மரண தண்டனை விதித்தது. நண்பர் கிரிட்டோ சிறையிலிருந்து தப்பிக்க வழி சொன்னார். தனக்கு அநியாயம் நடந்தாலும் பதிலுக்கு அநியாயம் செய்யலாகாது என்று அவர் மறுத்துவிட்டதாகப் பிளேட்டோ எழுதியுள்ளார்.

ஆகவே பிள்ளைகளுக்கு இப்படிச் சொல்லுங்கள். கிலோவுக்கு 50 கிராம் குறைவாக நிறுப்பவனிடம் வாங்கியவர்க்கு அந்த 50 கிராம்தான் நட்டம். அடுத்த முறை வேறு கடைக்குப் போய்விடலாம். நிறுத்தவனோ தன்னை விட்டு எந்தக் கடைக்குப் போவான்?